மூன்றா, மூன்றரையா?

போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறவர்களிடம் பொன்னுமணி எழுதிய சீட்டு என்று சொன்னால் போதும், மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். சீட்டில் பருமன் எட்டு மில்லி என்று இருந்தால் உள்ளே இருக்கிற காய் அதற்கு மேல் இருக்குமே தவிர, கீழே இருக்காது.

ராசிங்காபுரத்தில் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பத்தொன்பது வயதில், ஏலக்காயைச் சேர்த்துத் தரம் பிரிக்கிற கிட்டங்கிக்கு வேலைக்குப் போனவள். சல்லடை இயந்திரம் காயைப் பருமன் வாரியாகப் பிரித்துப் போட்டதும், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெடித்த காய், சொரி விழுந்த காய், வெளுத்த காய் எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுப்பார்கள். பதினோரு வருடம் பொன்னுமணி அப்படிப் பொறுக்கினாள். அதன் பிறகு ஒன்பது வருடமாகத் தரம் எழுதுகிறாள். தரம் தப்பு என்று இன்றுவரை ஒரு மூட்டை திரும்பி வந்ததில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எட்டா, ஏழரையா என்று மனசு கொஞ்சம் தடுமாறினாலும் ஏழரை என்றே எழுதுவாள். எழுதியதைவிட நல்ல காயாக இருந்தால் எந்த வியாபாரி சண்டைக்கு வரப்போகிறான்? முதலாளிக்கு உள்ளூர வருத்தம்தான். ஆனால் அந்தப் பெயருக்காகவே ஆட்கள் தேடி வருவதால் அவர் வாயைத் திறந்ததில்லை.

இப்படிப்பட்டவள் டென்னிஸ் ஆடப் போனது தோள் வலியால். குனிந்து குனிந்து வேலை பார்த்ததில் வலது தோள் இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. டாக்டர் தினமும் நடக்கவும் கையை வீசவும் சொன்னார். காலை ஐந்தே முக்காலுக்கு அவள் நடக்கிற மைதானத்தின் ஓரத்தில் ஒரு பழைய சிமெண்ட் கோர்ட்டு இருந்தது. ஒருநாள் அங்கே மூன்று பேர் நாலாவது ஆளுக்காக அரை மணி நேரம் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற சர்வேயர் கன்னையன்.

“ஏம்மா, நீ அங்கிட்டு கைய வீசுறதுக்கு இங்கிட்டு வந்து வீசு. கையில ஒரு பேட்டையும் பிடிச்சுக்க” என்றார்.

அப்படிப் பிடித்ததுதான். நாலு வருடம் ஆகிவிட்டது. தோள் வலி முதல் வருடத்திலேயே போய்விட்டது. பேட்டு மட்டும் கையை விட்டுப் போகவில்லை. மலை மேல் எஸ்டேட்டில் காய் உலர்த்தும் வேலையில் இருக்கிற அவள் கணவர் முத்துப்பாண்டி சனிக்கிழமைதோறும் இறங்கி வரும்போது, “இந்த வாரம் யாரை அடிச்ச?” என்றுதான் வீட்டுக்குள் நுழைவார்.

போன தை மாதம் தேனியில் ஒரு மன்றத்தில், பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு போட்டி வைத்தார்கள். கன்னையன்தான் விண்ணப்பத் தாளை வாங்கிவந்து கொடுத்தார். பெயர், ஊர், வயது எல்லாம் எழுதிவிட்டுக் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பொன்னுமணியின் பேனா நின்றுவிட்டது. ‘உங்கள் ஆட்டத் தரம்’ என்று அங்கே இருந்தது. ஒரே தரத்தில் இருப்பவர்கள்தான் ஒருவரோடு ஒருவர் ஆடுவார்களாம். இரண்டு முதல் நாலரை வரை, அரை அரையாகக் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் அச்சடித்திருந்தார்கள். மூன்று என்றால் மிதமான வேகத்தில் வரும் பந்தைத் தொடர்ந்து திருப்புவார். நினைத்த இடத்தில் போடுவது எப்போதும் கைகூடாது. மூன்றரை என்றால் நினைத்த பக்கம் போடுவார், இரண்டாவது சர்வீசை நம்பிப் போடுவார், எதிராளியை நகர்த்தி ஆடத் தெரியும்.

மூன்றா, மூன்றரையா?

கன்னையனிடம் கேட்டாள். “நீ எட்டு மில்லி போல்டு, தாயி. மொதத் தரம். எழுது நாலரைன்னு” என்றார் அவர். கிட்டங்கியில் பக்கத்துத் தட்டில் உட்காருகிற மகாராணியிடம் கேட்டாள். “எனக்கு என்னடி தெரியும்? சேலை கட்டிக்கிட்டு ஆடுனா நாலு, சுடிதார்னா மூணுன்னு வச்சுக்க” என்று சிரித்தாள். அண்ணன் கோட்டைச்சாமியிடம் கேட்டதுதான் பெரிய தப்பு. போடியிலிருந்து மலைக்கு வேலையாட்களை ஏற்றிப் போகிற ஜீப்பு அவனுடையது. தங்கச்சி டென்னிஸ் ஆடுகிறாள் என்பதைப் போடிமெட்டு வரை உள்ள எல்லா டீக்கடையிலும் சொல்லி முடித்திருந்தான். “மாவட்டத்துலயே ஒனக்கு நிகரா பொம்பள ஆளு கிடையாது. இதுல என்ன மூணு, மூன்றரை?” என்றான். டென்னிஸில் எத்தனை பந்து வைத்து ஆடுவார்கள் என்பதுகூட அவனுக்கு அப்போது சரியாகத் தெரியாது.

இவர்கள் யாரும் உதவமாட்டார்கள் என்று தெரிந்ததும் பொன்னுமணி தானே தரம் பார்க்க உட்கார்ந்தாள். ஒரு நோட்டு வாங்கினாள். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள், ஆடி முடித்ததும் கோர்ட்டு ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்தாள். வலையில் விழுந்தது முப்பத்தொன்று. கோட்டுக்கு வெளியே போனது நாற்பத்துநாலு. இரண்டு சர்வீசும் தப்பியது பன்னிரண்டு. கூட்டினால் எண்பத்தேழு. இவ்வளவு சொத்தையை வைத்துக்கொண்டு மூன்றரை என்று எப்படி எழுதுவது? ஆனால் பந்தை நினைத்த பக்கம் போடுகிறாள்தான். அதையும் இல்லை என்று சொல்ல முடியாது. மனசு தடுமாறியது. தடுமாறினால் என்ன எழுதுவாள் என்பதுதான் தெரியுமே. மூன்று என்று எழுதினாள்.

தாளின் அடியில் ஒரு வரி இருந்தது. ‘தன் தரத்தை வேண்டுமென்றே குறைத்து எழுதியது தெரியவந்தால் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்.’ அதை இரண்டு தடவை படித்தாள். கூட்டி எழுதினால் என்பதைத்தான் குறைத்து எழுதினால் என்று தப்பாக அச்சடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். குறைத்து எழுதி யாரை ஏமாற்ற முடியும்?

முத்துப்பாண்டி அந்த வாரம் மலையை விட்டு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கோட்டைச்சாமி ஜீப்பைத் துடைத்து, பின்பக்கம் கிடந்த சாக்கையெல்லாம் இறக்கிவிட்டு வந்து நின்றான். ஏழே காலுக்குத் தேனியில் இருந்தார்கள்.

அங்கே இருந்தது செம்மண் கோர்ட்டு. போடி சிமெண்டில் பந்து தரையோடு சீறிக்கொண்டு வரும். பேட்டைக் கொண்டுபோவதற்குள் தாண்டிவிடும். இங்கே பந்து தரையில் பட்டு, நன்றாக எழும்பி, ‘வா, வந்து அடி’ என்பதுபோல நின்று வந்தது. முதல் ஆட்டம் பானுப்பிரியா என்ற பெண்ணோடு. தேனியில் கணவரோடு மருந்துக்கடை வைத்திருக்கிறவள், முப்பது வயதுக்குள் இருக்கும். முப்பத்தெட்டு நிமிடத்தில் ஆறு-பூஜ்யம், ஆறு-ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. அந்த ஒரு கேமும் பொன்னுமணிக்குச் ஷூ கயிறு அவிழ்ந்ததால் போனது.

கைகொடுத்துவிட்டுத் திரும்பினால், வெளியே கோட்டைச்சாமி யாருக்கோ போன் போட்டு, “ஒரே ஒரு கேம்தான் விட்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதைவிடச் சத்தமாக, போட்டியை நடத்துகிற சிவக்குமாரின் மேஜைக்கு முன்னால் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பானுப்பிரியாவின் கணவர் அழகுராஜா.

“இந்தம்மா மூணா? நீங்களே சொல்லுங்க சார். என் வீட்டுக்காரி எட்டு மாசமா ஆடிப் பழகி, ஆசையா வந்தா. இவுக வேணும்னே கொறைச்சு எழுதிட்டு வந்து, பழகுற ஆளுகளா பார்த்து அடிச்சுட்டு, கப்பைத் தூக்கிட்டுப் போயிருவாக. இதுக்குப் பேரு வெளையாட்டா?”

பொன்னுமணிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. குறைத்து எழுதியது எப்படிக் குற்றமாகும் என்று நின்றாள். பிறகு பானுப்பிரியாவைப் பார்த்தாள். அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் பேட்டின் பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. ஏலக்காய் மூட்டையில் குறைத்து எழுதினால் வாங்குகிறவனுக்கு லாபம். இங்கே வாங்குகிறவன் என்று யாரும் இல்லை. எதிரே நிற்கிற ஆள்தான் இருக்கிறாள்.

கோட்டைச்சாமி குறுக்கே வந்தான். “மாப்ளே, வார்த்தைய அளந்து பேசுங்க. எங்க ஆளு இருபது வருசமா ஏலக்கா சோலி பாக்குறா. அவ போட்ட தரம் ஒண்ணு மாறுனதில்ல.”

“ஓ, ஏலக்காய்க்குத் தரம் போடுறவுகளா?” அழகுராஜா சிரித்தார். “அங்கிட்டும் இப்படித்தான் போடுவாகளா?”

இருபது வருடத்தில் அவளிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. பொன்னுமணியின் காது மடல் சூடேறியது.

சிவக்குமார் நிதானமானவர். நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “பானுப்பிரியா இந்தப் பிரிவுலயே அடுத்த ஆட்டம் ஆடட்டும். நீங்க மூன்றரைப் பிரிவுக்குப் போங்க. அங்க சுசித்ராவுக்கு எதிரா ஆட வேண்டியவங்க வரல. நீங்க எப்படி ஆடுறீங்கன்னு நானும் கூட நின்னு பார்க்குறேன். மூணுதானா, வேணும்னே கொறைச்சு எழுதுனதான்னு அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்.”

பதினைந்து நிமிடம் இருந்தது. கோட்டைச்சாமி தங்கச்சியை வேப்பமரத்தடிக்கு இழுத்துப்போனான்.

“ஏத்தா, நான் சொல்றதக் கேளு. அந்த சுசித்ரா புள்ள பேங்குல வேலை பாக்குது, ரெண்டு வருசமா கப்பு வாங்குதாம். அதுகிட்ட நீ சுத்தமா தோத்துட்டா நல்லதுதான். ‘பாவம், அந்தம்மா மூணுதான், சரியாத்தான் எழுதிருக்கு’ன்னு எல்லாப் பயலும் வாயப் பொத்திக்குவான். அரும்பாடு பட்டு ஆடி நீ ஜெயிச்சேன்னு வையி, பொய் எழுதுனதா ஆயிரும். பேசாம நாலு பந்த வலையில போட்டுட்டு வெரசா வா. வீட்டுக்குப் போவோம்.”

பொன்னுமணிக்கு அது தப்பில்லாத யோசனையாகத்தான் தெரிந்தது. அண்ணன் தன் பெயருக்காகத்தானே சொல்கிறான்.

முதல் செட்டில் யோசனைக்கே வேலை இருக்கவில்லை. சுசித்ராவின் சர்வீஸ் அப்படி இருந்தது. ஒன்று-நாலு என்று பின்தங்கியபோது பொன்னுமணி நிஜமாகவே திணறினாள். அப்படியே போயிருந்தால் அவள் ஒன்றும் செய்யாமலே அண்ணன் சொன்னது நடந்திருக்கும். ஆனால் அதன் பிறகு சர்வீசின் போக்கு பிடிபட்டுவிட்டது. ஒரு கேம் எடுத்தாள். அடுத்த கேமில் நாற்பது-முப்பது என்று அவள் முன்னால் இருந்தபோது, பேக்ஹேண்ட் என்கிற இடது பக்கம் ஒரு பந்து மெதுவாக வந்தது. தூங்கிக்கொண்டே எடுக்கலாம் அதை. பொன்னுமணி பேட்டைக் கொஞ்சம் தாழ்த்தினாள். பந்து வலையில் போய் மோதி உருண்டது.

சிவக்குமார் நோட்டில் எழுதிக்கொண்டார். பொன்னுமணிக்கு மட்டும் கை கூசியது. நல்ல மூட்டையின் மேலாகச் சொத்தைக் காயைத் தூவிவைத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டியது மாதிரி இருந்தது. அப்படி அவள் ஒருநாளும் செய்ததில்லை.

இரண்டு-ஆறு என்று முதல் செட் போனது. தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது சுசித்ரா பக்கத்து நாற்காலிக்கு வந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கமாட்டீங்களே? அந்த பேக்ஹேண்ட் பந்த வேணும்னேதான விட்டீங்க?”

பொன்னுமணி பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள். “ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“அதுக்கு முன்னாடி அதே மாதிரி ஒம்பது பந்து வந்துச்சு. எட்டு எடுத்துட்டீங்க. நான் எண்ணிக்கிட்டே வர்றேன், உங்களுக்கு அந்தப் பக்கம் போடவே கூடாதுன்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன். திடீர்னு இது மட்டும் வலைக்குப் போனா சந்தேகம் வராதா?”

“நான் எடுத்ததையா எண்ணுனீங்க?”

“பின்ன? விட்டத எண்ணி எனக்கு என்ன ஆகப்போகுது? எடுக்குறதுதான என்னைத் தோக்கடிக்கும்.”

பொன்னுமணி பாட்டிலை மூடினாள். ஆறு நாள் உட்கார்ந்து எண்பத்தேழு தப்பை எழுதியவள், அந்த ஆறு நாளில் எத்தனை பந்து உள்ளே விழுந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஆயிரம் விழுந்ததோ, இருநூறு விழுந்ததோ, யாருக்குத் தெரியும்? பதினோரு வருடம் காய் பொறுக்கிய கண் அது. நல்ல காய் தட்டில் தன்பாட்டுக்குக் கிடக்கும். கண் அதன் மேல் நிற்காது. கெட்டதை மட்டும் தேடித் தேடி எடுக்கும். பொறுக்குகிறவளுக்கு அது போதும். தரம் எழுதுகிறவள் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளி, நல்லதும் கெட்டதுமாகச் சேர்த்துப் பார்த்தல்லவா எழுத வேண்டும்? ஊரார் மூட்டைக்கெல்லாம் அப்படிப் பார்த்தவள், தன் மூட்டையை மட்டும் பொறுக்கிவிட்டு எழுந்துவந்திருக்கிறாள்.

“இனிமே விடமாட்டேன்” என்றாள் சுசித்ராவிடம்.

“விட்டீங்கன்னா நான் ஆடமாட்டேன்” என்றாள் அவளும்.

இரண்டாவது செட்டை வெளியிலிருந்து பார்த்த கோட்டைச்சாமி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டான். தங்கச்சி ஓடுகிறாள், மூச்சு வாங்குகிறது, சுசித்ராவை ஒரு ஓரத்துக்கு இழுத்துவிட்டு மறு ஓரத்தில் பந்தை வைக்கிறாள். வலைக்குப் பக்கத்தில் வந்து கன்னையன் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒரு தட்டு. “ஐயோ, ஜெயிச்சுருவா போலயே” என்று முணுமுணுத்தான். உலகத்தில் எந்த அண்ணனும் அந்த வார்த்தையை அவ்வளவு பயத்தோடு சொல்லியிருக்கமாட்டான். ஆறு-நாலு என்று பொன்னுமணி அந்தச் செட்டை எடுத்தபோது, அவனையும் அறியாமல் கைதட்டிவிட்டு, பிறகு சுற்றும் முற்றும் பார்த்தான்.

மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி ஆட்டம். ஏழு-ஏழு. எட்டு-எட்டு. அந்த நேரத்தில் பொன்னுமணி போட்ட முதல் சர்வீஸ் தப்பியது. இரண்டாவதைப் பயந்து மெதுவாகப் போட்டிருக்கலாம். போடவில்லை, முழுக்கையோடு வீசினாள். கோட்டுக்கு நாலு விரற்கடை வெளியே விழுந்தது. அடுத்த பந்தில் சுசித்ரா அழகாக ஒரு மூலையில் வைத்தாள். பத்து-எட்டு, ஆட்டம் சுசித்ராவுக்கு. ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

சுசித்ரா வலையைச் சுற்றி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பொன்னுமணி வியர்வையைத் துடைக்கக்கூட நிற்காமல் நேராக மேஜைக்குப் போனாள். சிவக்குமார் இருந்தார், பக்கத்தில் அழகுராஜாவும், தன் அடுத்த ஆட்டத்தை ஜெயித்துவிட்டு வந்திருந்த பானுப்பிரியாவும் நின்றார்கள்.

“நீங்க சொன்னது சரிதாங்க” என்றாள் அழகுராஜாவிடம். “நான் மூணு இல்ல, மூன்றரை. கொறைச்சுதான் எழுதிட்டேன். ஒங்க வீட்டுக்காரவுகள அடிச்சுக் கப்பு வாங்கணும்னு எழுதல. கொறைச்சு எழுதுனா யாருக்கும் நட்டமில்லைன்னு நெனச்சேன். அது ஏலக்காய்க்கு. ஆளுக்கு அப்படி இல்லைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது.” பிறகு சிவக்குமாரிடம், “அதுபோக, மொத செட்டுல ஒரு பந்து வேணும்னே விட்டேன். அதையும் எழுதிக்கங்க. இப்ப நீக்குறதுன்னா நீக்கிருங்க” என்றாள்.

சிவக்குமார் பேனாவை எடுத்தார். “தோத்துட்டீங்களேம்மா. இனி எதுல இருந்து நீக்குறது?” என்றார். மேஜையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நோட்டில் அவள் பெயருக்கு எதிரே இருந்த மூன்றை அடித்து, மூன்றரை என்று எழுதி, நோட்டைத் திருப்பி அவளிடமே காட்டினார்.

கோட்டைச்சாமி பின்னால் நின்றிருந்தான். தான் வேப்பமரத்தடியில் சொன்னதை நினைத்து அவனுக்கு முகம் கொடுக்க வெட்கமாக இருந்தது. “போவமா, தாயி?” என்று மட்டும் கேட்டான். தங்கச்சியை அவன் தாயி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அழகுராஜா தொண்டையைக் கனைத்தார். “அக்கா, கொஞ்சம் நில்லுங்க. காலைல நான் பேசுனத மனசுல வச்சுக்காதீக.” பானுப்பிரியா அவரை முழங்கையால் இடித்தாள். “அதில்ல, கேளுங்க” என்றாள். அவர் மறுபடி கனைத்தார். “இவளும் மூணுன்னுதான் எழுதிருக்கா. அது சரியா, ரெண்டரைன்னு எழுதணுமான்னு ரெண்டு நாளா வீட்ல ஒரே சண்டை. நீங்க இவகூட ஆடிருக்கீக. ஒரு நம்பர் சொல்லிருங்களேன்.”

“ஒரு ஆட்டத்த வச்சு நான் சொல்லமாட்டேன்” என்றாள் பொன்னுமணி. “காலைல இவுக பயத்துல ஆடுனாக. அது இவுக ஆட்டமே இல்ல.” ஓரத்துக் கோர்ட்டு காலியாக இருந்ததைப் பார்த்தாள். பானுப்பிரியாவின் அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. “வாங்க, ஒரு அரை மணி நேரம் அடிச்சுப் பாப்போம். பயப்படாம அடிக்கணும்.”

பானுப்பிரியா பேட்டை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடினாள்.

“தம்பி, நீங்களும் வாங்க” என்று பொன்னுமணி அழகுராஜாவைக் கூப்பிட்டாள். “சும்மா நிக்காம அந்தப் பந்துக் கூடையத் தூக்கிட்டு வாங்க. நாங்க ஆடுறோம், நீங்க பொறுக்குங்க.”

அவர் கூடையைத் தூக்கினார். கோட்டைச்சாமி ஜீப்புச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கூடையின் மறு காதைப் பிடித்தான்.